ஊர்க் கணக்கு யார் பார்வைக்கு?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரு சிற்றூரின் நிலம், நீர், பாதை, கூலி, உதவித்தொகை என எல்லாமே ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. நிலத்துக்கு ‘அ’ பதிவேடு, அடங்கல், சிட்டா, புலப்படம். ஊராட்சிக்கு வரவு செலவுக் கணக்கும் தீர்மானப் புத்தகமும். நூறு நாள் வேலைக்கு வருகைப் பட்டியல். கல் குவாரிக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் குத்தகை உத்தரவு, எல்லை வரைபடம், லாரிக்கான நடைச்சீட்டு. இவற்றில் எதை யார் பார்க்கலாம் என்பது நிர்வாக விதி சார்ந்த விஷயமாகவே பேசப்படுகிறது. ஆனால் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் எழுத்தை அவருக்கே காட்டாமல் பூட்டி வைக்கலாமா என்ற கேள்வியும், அவரைப் பற்றிய விவரத்தை உலகமெல்லாம் பார்க்கத் திறந்து வைக்கலாமா என்ற கேள்வியும் ஒரே பதிவேட்டின் மேல்தான் எழுகின்றன. இரண்டுக்கும் ஒரே விதி பதில் சொல்லாது.

‘அ’ பதிவேட்டின் ஒரு வரியைப் பார்த்தால் இந்த எழுத்தின் பலம் தெரியும். புல எண், உட்பிரிவு, அரசு நிலமா ரயத்துவாரியா, நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், ஹெக்டேர் கணக்கில் பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர், கடைசியாகக் குறிப்பு. சாதாரண நாளில் யாரும் கவனிக்காதது அந்தக் கடைசிப் பத்திதான். ‘ஓடை’, ‘வண்டிப்பாதை’, ‘மயானம்’, ‘கல்லாங்குத்து’ என்று அங்கே எழுதியிருக்கும் ஒற்றைச் சொல்லே அந்த இடம் ஊர்ப் பொது என்பதற்குச் சாட்சி. புலப்படத்தில் இருக்கும் வண்டிப்பாதை நாளை குவாரிக் குழிக்குள் போய்விட்டால், அங்கே பாதை இருந்தது என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

இந்தத் தாள்கள் நெடுங்காலம் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் இருந்தவை. வழிவழியாக ஒருசில குடும்பங்களிடமே தங்கிவிட்ட கர்ணம் எனப்படும் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அது செல்லும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பதவி வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. தாத்தா பெயரில் இருந்த நிலம் பக்கத்துப் புலக்காரர் பெயருக்கு மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு விடுபட்டது போன்ற பிழைகள் அப்போது புகுந்தன. ‘யு.டி.ஆர். தப்பு’ என்பது தாலுகா அலுவலகங்களில் இன்றும் அன்றாடம் கேட்கும் சொல். அந்தத் தப்பைத் திருத்த மனு கொடுப்பவர் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் காட்ட வேண்டும். அதாவது, அரசு செய்த பிழையை அரசின் பூட்டிய அலமாரியிலிருந்தே எடுத்து நிரூபிக்கும் சுமை, பிழையால் நிலத்தை இழந்தவர் தலையில் விழுகிறது. நகல் தர மறுப்பது இங்கே வெறும் தாமதமாக முடிவதில்லை. முதலில் செய்த தவறையே நீட்டிக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் இன்னொரு சிக்கலும் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது 1995இல். அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்தது. செந்துறையிலோ உடையார்பாளையத்திலோ இருக்கும் ஒருவரின் 1990ஆம் ஆண்டுக் கோப்பு திருச்சி ஆட்சியரகத்தில் பிறந்து, அதன் பிறகு மாவட்டம் பிரிந்தும் சேர்ந்தும் பிரிந்த வழியெல்லாம் போக வேண்டியது. ஓர் அலுவலகத்துக்கு வந்த மனு வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. ‘எங்களிடம் இல்லை’ என்று மனுதாரரைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு எதிராக எழுதப்பட்ட விதி அது. மாவட்ட எல்லையை வரைந்தது அரசு. அதற்காகப் பேருந்து ஏறி அலைய வேண்டியவர் குடிமகன் அல்ல என்பதே அதன் நியாயம்.

பதிவேடுகளைத் திறந்துவைக்க வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் வரிப்பணம். அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. இம்மானுவேல் காண்ட் 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதிய நூலில் ஒரு சோதனையை முன்வைத்தார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொன்னால் அந்தச் செயலே நடக்காது என்றால், அது அநீதி. குவாரி ஏலத்துக்கு இந்தச் சோதனை கச்சிதமாகப் பொருந்தும். 2023 அக்டோபர் இறுதியில் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கல் குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் போட வந்த இடத்தில் மோதல் வெடித்தது. கனிமவளத் துறை அலுவலர்களும் தாக்கப்பட்டார்கள், ஏலம் நிறுத்தப்பட்டது. எல்லோரும் பார்க்கப் பெட்டி வைத்து நடத்தும் ஏலத்துக்கே இந்தக் கதி என்றால், மூடிய அறையில் முடியும் குத்தகையைப் பற்றி ஊர் சந்தேகப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே ஆட்சியரகத்தில் வேறொரு மேசையில் ஆதரவற்ற விதவை உதவித்தொகைப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தம் பெயரை ஊர் பார்க்க வேண்டாம் என்று ஒரு பெண் நினைப்பதில் எந்த அநீதியும் இல்லை. மறைவு தேவைப்படுவதாலேயே ஒன்று தவறாகிவிடாது. அதிகாரம் செலுத்துபவரை அளக்க காண்டின் சோதனை உதவும். அதிகாரத்துக்கு உட்பட்டவரை அளக்க உதவாது. ஆவணத்தில் இருப்பவர் பிறர் வாழ்வை எவ்வளவு மாற்றக்கூடியவரோ அவ்வளவுக்கு அந்த ஆவணம் திறந்திருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல்.

சட்டத்தின் வரலாறு இந்த அளவுகோலை நோக்கி மெதுவாகத்தான் வந்திருக்கிறது. ஸ்வீடன் 1766இலேயே அரசு ஆவணங்களைக் குடிமக்களுக்குத் திறந்தது. இந்தியாவில் முதலில் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். முந்திக்கொண்டதே தவிர, அந்தச் சட்டத்தில் உரிமையைவிட விதிவிலக்குப் பட்டியலே நீளம். 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாளுக்குப் பலம் கொடுத்தது. 30 நாளில் பதில்; உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, அந்தப் பிரிவு கவனத்துக்கு வந்ததும் சில நாள்களிலேயே தானாக அந்தப் பத்திகளை நீக்கியது. நீதிபதிகளுக்கே அப்படித் தோன்றியது என்றால், தாலுகா அலுவலக எழுத்தருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. காரணம் கேட்பது இயல்பான பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் ஆவணம் தன்னுடையது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் உயிர் 4ஆம் பிரிவில் இருக்கிறது. யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை ஒவ்வோர் அலுவலகமும் 120 நாளுக்குள் தானே வெளியிட வேண்டும் என்றது அது. அது ஒழுங்காக நடந்திருந்தால் மனு எழுதும் தேவையே பெருமளவு குறைந்திருக்கும்.

ராஜஸ்தானில் இந்த உரிமைக்கான போராட்டம் தொடங்கியது ஏழைகளின் பெயர்ப் பட்டியலிலிருந்துதான். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. திருடியவர் அதிகாரத்தில் இருந்தவர். ஆனால் திருட்டுக்குச் சாட்சியாக நின்றது எளியவரின் பெயர். இங்கேதான் மேலே சொன்ன அளவுகோல் இடறுகிறது. எளியவரின் விவரத்தை மூடினால் அவரைப் பாதுகாக்கலாம். கூடவே அவர் பெயரில் திருடுபவருக்கும் அதுவே மறைப்பாகிவிடும்.

இரு மாவட்டங்களிலும் நடைமுறை இந்தச் சிக்கலை நேர் எதிர்த்திசையில் தீர்த்துவைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் வேப்பந்தட்டை ஒன்றியத்தில் ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்ணின் பெயர், வயது, வேலை அட்டை எண், பட்டியல் சாதியா இல்லையா, எந்த வாரம் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி என்பதெல்லாம் உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கும்படி இணையத்தில் இருந்துவந்திருக்கிறது. அதே ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இயங்கும் குவாரியின் குத்தகை எல்லை எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, இதுவரை எத்தனை கன மீட்டர் எடுத்தாயிற்று, எத்தனை நடைச்சீட்டு கொடுத்தாயிற்று என்பவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்படுவதில்லை. அவற்றை ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்க வேண்டும். முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம் என்று நடக்கவும் வேண்டியிருக்கும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய கல் குவாரி கூடாது என்பது 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ளது. அந்த 300 மீட்டரை ஊரார் அளந்து பார்க்க வேண்டுமானால் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதற்கு வரைபடம் வேண்டும். கூலிக்காரர் கண்ணாடிக்குள்ளும் குத்தகைக்காரர் திரைக்குப் பின்னும் இருக்கும் இந்த ஏற்பாட்டை வெளிப்படைத்தன்மை என்று சொல்வது பொருந்தாது.

சுண்ணாம்புக்கல்லில் வேறு விதமான மறைப்பு உண்டு. அரசின் டான்செம் ஆலையும் தனியார் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூரில் சுரங்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அடிக்கடி நடப்பது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். வரைவு அறிக்கை முன்கூட்டியே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தமிழில் இருக்க வேண்டியது சுருக்கம் மட்டும். நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கும், வெடி வைத்தால் அதிர்வு எத்தனை தூரம் போகும், தூசி எந்தத் திசையில் படியும் என்ற அட்டவணைகள் எல்லாம் நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களில். 2020இல் புதிய வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆவணம் மேசைமேல் திறந்துதான் கிடக்கிறது, படிக்கத்தான் முடியாது. சட்டம் சொன்னதைச் செய்தாயிற்று என்று அதிகாரி கையெழுத்திடலாம். அறத்தின் கணக்கில் அது பூட்டிய அலமாரிக்குச் சமம்.

சுரங்கத்தால் வரும் பணமும் இதில் சேரும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிமவள அறக்கட்டளை அமைந்து, குத்தகைதாரர் கட்டும் ராயல்டியில் 10 அல்லது 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகை அதற்குத் தனியாக வருகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிட வேண்டிய பணம் அது. எந்த ஊர் ‘பாதிக்கப்பட்டது’ என்ற பட்டியல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. லாரி போகும் சாலையோரத்து ஊர் அதில் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாவிட்டால் அவர் கேட்க என்ன இருக்கிறது?

ஆவணத்தைத் திறந்தால் பலன் எல்லோருக்கும் சமமாகப் போகும் என்பதும் உண்மையல்ல. கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் நிலப் பதிவேடுகளைக் கணினிக்குக் கொண்டுவந்ததைப் பலரும் கொண்டாடினார்கள். 2007இல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரைச் சுற்றி ஆராய்ந்து, பெரிய நில வணிகர்களுக்கே அது அதிகம் உதவியது என்று வாதிட்டார்கள். தமிழ்நாட்டிலும் புல எண் தெரிந்தால் ‘அ’ பதிவேட்டு விவரத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம். தாலுகா ஆபீஸ் நடையைக் குறைத்த நல்ல காரியம் இது. இதை மூட வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு திட்டம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்த தரகர் அந்தப் பக்கத்தை வைத்து யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே இரவில் கணக்குப் போடுவார். நிலக்காரருக்குத் திட்டமே தெரியாது. பட்டா திறந்தும் திட்ட வரைபடம் மூடியும் இருப்பதுதான் இங்கே தீமை.

ஜெயங்கொண்டம் வட்டாரம் இதை அனுபவித்தது. பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ மூலம் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டுக்காக வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மின்நிலையம் வரவே இல்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவதென்று அரசு முடிவெடுத்தது. ஒரு தலைமுறை காலம் தம் நிலத்தின் நிலை என்ன என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கதை அது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க அறிக்கையை உள்ளூர் மொழியில் ஊராட்சிக்குத் தர வேண்டும் என்றது. தமிழ்நாடோ 105-அ பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கத்துக்கான மாநிலச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி சரி. அறிய வேண்டியவர் அறியாமல் நிலம் போகலாம் என்பதை அது நியாயமாக்கிவிடவில்லை.

அலுவலர் தரப்பிலும் சொல்வதற்கு உண்டு. ஒரே ஆள் நூறு மனு போடுவது, சாதிச் சான்று பற்றிக் கேட்டுவிட்டு அதை வைத்துப் பணம் பறிப்பது, மாற்றலாகி வந்த அலுவலரின் குடும்ப விவரம் தேடுவது எல்லாம் நடக்கின்றன. கண்மூடித்தனமான மனுக்கள் நிர்வாகத்தை முடக்கும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் எச்சரித்தது. கோரிக்கையின் நோக்கம் கெட்டது என்பதால் ஆவணம் பொதுவல்ல என்றாகிவிடாது. ஆனால் ஒருவரைப் பற்றிய விவரத்தை இன்னொருவர் ஆயுதமாக்கும்போது அரசு கைகட்டி நிற்கவும் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஞ) பிரிவு இந்த இரண்டையும் ஒருவாறு நிறுத்துப் பார்த்தது: பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம், பொது நலன் பெரிதென்றால் தரலாம், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொது நலன் கருதித் தகவல் தர 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பது அரசின் பதில். இருக்கிறதுதான். ஆனால் மறுப்பது எளிதாகவும் தருவது துணிச்சலாகவும் ஆகிவிட்ட இடத்தில், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும் ஒரு பொதுத் தகவல் அலுவலர் எதைத் தேர்வார் என்பது தெரிந்ததே. வருகைப் பட்டியலில் இருக்கும் பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று சொல்லிவிட இப்போது வழி இருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, எங்கே வாசிக்கிறோம் என்பதைக் கவனிப்பது. ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபை கூடுகிறது. 2022க்குப் பிறகு ஆண்டுக்கு ஆறு முறை. அங்கே வருகைப் பட்டியலை வாசித்தால், அதில் உள்ளவர் திருப்பூர் போய் ஆறு மாதம் ஆயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அந்தப் பெயரால் எந்தத் தீங்கும் வராது. ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்தான். அதே பெயர் இணையத்தில் கிடந்தால், சரிபார்க்கத் தெரியாத, ஆனால் பயன்படுத்தத் தெரிந்த அந்நியர் கண்ணில்தான் படும். பயனாளிகளின் பட்டியல் ஊருக்குள் உரக்க வாசிக்கப்பட வேண்டும், வெளியே எண்ணிக்கையாக மட்டும் போக வேண்டும். குத்தகை, ஒப்பந்தம், நிதி ஒதுக்கீடு ஆகியவை உள்ளூரிலும் வெளியிலும் முழுமையாக இருக்க வேண்டும். இப்போது நடக்கும் கிராம சபைகள் பலவற்றில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதே பெரிய வேலையாக இருக்கிறது. ஜமாபந்தியும் அப்படித்தான். பசலி ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய அத்தனை ஊர்ப் பதிவேடும் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேரும் நாள்களில் மக்களும் அங்கேயே திரண்டிருக்கிறார்கள். பதிவேட்டை அதிகாரிகள் பார்க்கிறார்கள்; மக்கள் மனு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தம் ஊர்ப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அவர்களுக்கும் ஒரு மேசை போட்டால் செலவு ஒன்றும் அதிகமாகிவிடாது.

கடைசியாக ஓர் ஆவணம் உண்டு: கேள்வி கேட்ட மனு. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் கல் குவாரிகளுக்கு எதிராக மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். புகார் கொடுத்தவர் பெயர் புகாருக்கு உள்ளானவர் காதுக்குப் போகும் வேகத்தில், கேட்ட தகவல் கேட்டவருக்குப் போவதில்லை. எழுதியவர் கேள்வி கேட்டார் என்பதைத் தவிர அந்த மனு வேறு அதிகாரம் எதையும் காட்டுவதில்லை. ஆகவே மூடிவைக்க வேண்டிய ஆவணங்களில் முதலில் நிற்பது அதுதான். 2013 நவம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம், மனுதாரர் முழு முகவரி தர வேண்டியதில்லை, தபால் பெட்டி எண் போதும் என்றது. அந்தத் தீர்ப்பின் நகலை ஒன்றிய அரசின் பணியாளர் துறை 2014இல் சுற்றுக்கு அனுப்பியது. அந்த வசதி உண்டு என்ற வரியைத் தகவல் அறியும் உரிமைப் பலகையில் சேர்த்து எழுத எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் தனி உத்தரவு தேவையில்லை.